ஓடுகிற வண்டியில் கை வைக்கலாமா?

பணி ஓய்வு பெற்ற என் பெரியப்பா சென்ற ஆண்டுதான் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். செகண்ட் ஹேண்ட் லேப்டாப். விண்டோஸ் அதில் திணறியதால் நான்தான் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். பெரியப்பா அரசு பஸ் டிப்போவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மெக்கானிக்காக இருந்தவர். எதையும் திறந்து உள்ளே பார்க்காமல் விட மாட்டார். கம்ப்யூட்டரையும் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார். "ஏம்ப்பா, அப்டேட்னு ஒண்ணு வந்துச்சு. என்னதான் மாத்தியிருக்காங்கன்னு கிளிக் பண்ணிப் பார்த்தேன். புதுசா ஒண்ணுமே இல்லை. பில்ட் சிஸ்டத்தை மாத்திட்டோம்னு மட்டும் இங்கிலீஷ்ல போட்டிருக்கு. நல்லா ஓடிக்கிட்டிருக்கிற வண்டியில எதுக்குப்பா கை வைக்கிறாங்க?"

நியாயமான கேள்விதான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும். ஸ்கிரீனில் ஒரு பட்டன் கூட மாறவில்லை. வேகமும் கூடியதாகத் தெரியவில்லை. அப்படியானால் இந்த வேலை யாருக்காக? அதுவும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் பலர் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஏன் இதைச் செய்கிறார்கள்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற வண்டியிலும் கை வைக்கத்தான் வேண்டும். ஆனால் பழைய வண்டியை உடனே காயலான் கடைக்கு அனுப்பிவிட்டுக் கை வைக்கக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டவர்களின் சாப்ட்வேரைத்தான் நம் கம்ப்யூட்டரில் நம்பி வைத்துக்கொள்ளலாம். ஏன் என்று பார்ப்போம்.

பில்ட் டூல் என்றால் என்ன?

நீங்கள் டபுள் கிளிக் செய்து திறக்கும் எந்தப் புரோகிராமும் முதலில் வெறும் எழுத்தாகத்தான் பிறக்கிறது. புரோகிராமர் எழுதும் இந்த எழுத்துக்குப் பெயர் சோர்ஸ் கோட். கம்ப்யூட்டருக்கு இது நேரடியாகப் புரியாது. கம்பைலர் என்ற இன்னொரு புரோகிராம் இதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் எண்களாக மாற்றுகிறது. பிறகு லிங்கர் என்ற புரோகிராம் அந்தத் துண்டுகளை எல்லாம் ஒன்றாக இணைக்கிறது. அதற்குப் பிறகே நீங்கள் இன்ஸ்டால் செய்யும் பைல் கிடைக்கிறது.

சின்ன புரோகிராமில் நாலைந்து பைல்கள்தான் இருக்கும். கையாலேயே ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்துவிடலாம். பெரிய சாப்ட்வேர்களிலோ ஆயிரக்கணக்கான பைல்கள். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது, ஒரு பைலைத் திருத்தினால் வேறு எவற்றை எல்லாம் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் என்பதை எல்லாம் மனிதன் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வதுதான் பில்ட் டூல்.

கல்யாண வீட்டுச் சமையல் மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பாரில் உப்பு குறைந்தால் சாம்பாரை மட்டும் சரி செய்தால் போதும், பாயசத்தில் கை வைக்க வேண்டாம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் புளி கெட்டுப்போனது என்று தெரிந்தால் சாம்பார், ரசம், வத்தக்குழம்பு மூன்றையும் மறுபடி வைக்க வேண்டும் என்பதும் தெரியும். சாப்பிட வந்தவர்கள் யாரும் மாஸ்டரைப் பார்ப்பதில்லை. ஆனால் அவர் கணக்கு தப்பினால் பந்தி முழுக்க வீண்!

ஒரு வீணாய்ப் போன காலைப்பொழுது

இந்த வகையில் புகழ் பெற்ற முதல் கருவி 'மேக்'. 1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அது பிறந்த கதை சுவையானது. அவருடன் பணிபுரிந்த ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் காலை முழுவதும் ஒரு புரோகிராமில் தவறு தேடி அலைந்தார். கடைசியில் பார்த்தால், தவறை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டிருந்தார். திருத்திய பைலை மறுபடி கம்பைல் செய்யத்தான் மறந்துவிட்டார்! புரோகிராம் சரி, உள்ளே சேர்ந்ததோ பழைய துண்டு. இந்த எரிச்சலோடு அவர் ஃபெல்ட்மனின் அறைக்கு வந்து புலம்பியதில் பிறந்ததுதான் மேக்.

திருத்தியதை மட்டும் கண்டுபிடித்து அதையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் மறுபடி கட்டுவது மேக்கின் வேலை. இந்தச் சிறு கருவிக்காக ஃபெல்ட்மனுக்கு 2003-ம் ஆண்டின் ஏ.சி.எம். சாப்ட்வேர் சிஸ்டம் விருது கிடைத்தது.

மேக்கில் ஒரு குறையும் உண்டு. அதற்கான கட்டளைகளை எழுதும்போது சில வரிகள் கட்டாயம் டேப் கீயில்தான் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் வேலை செய்யாது. கண்ணால் பார்த்தால் டேப்பும் ஸ்பேஸும் ஒன்று போலவே இருக்கும். கல்லூரி லேபில் இதில் சிக்கி நானே ஒரு முழு பீரியடைத் தொலைத்திருக்கிறேன். ஃபெல்ட்மனுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அதை மாற்றலாம் என்று யோசித்த நேரத்தில் சுமார் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று விட்டுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பன்னிரண்டு பேருக்காக அன்று விட்டது, சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் தலைவலியாக நிற்கிறது. 'ஓடுகிற வண்டியில் கை வைக்காதே' என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். அந்த விலையை அன்றைக்கு யாரும் கொடுப்பதில்லை. பின்னால் வருகிறவர்கள் கொடுக்கிறார்கள்.

கே.டி.இ. செய்த பெரிய மாற்றம்

லினக்ஸில் நாம் காணும் திரைத் தோற்றங்களில் மிகப் பிரபலமான ஒன்று கே.டி.இ. 1996-ல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் திட்டம் இது. விண்டோஸில் படம் வரையும் கிரிட்டா, பி.டி.எப். படிக்கும் ஆக்குலர், வீடியோ எடிட் செய்யும் கேடென்லைவ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை நீங்கள் பயன்படுத்தியிருந்தால் கே.டி.இ. குழுவினரின் உழைப்பு உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது.

கே.டி.இ. தொடக்க காலத்தில் 'ஆட்டோடூல்ஸ்' என்ற கருவித் தொகுப்பைப் பயன்படுத்தியது. இது ஏன் வந்தது என்றால், அந்தக் காலத்தில் யூனிக்ஸில் ஏகப்பட்ட வகைகள் இருந்தன. ஒவ்வொரு கம்பெனியின் யூனிக்ஸும் ஒவ்வொரு மாதிரி. உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று முதலில் சோதித்துப் பார்த்து அதற்கேற்ப புரோகிராமைக் கட்ட வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யும் ஆட்டோகான்ஃப் 1991-ல் வந்தது. அதன் காலத்தில் அது ஒரு வரப்பிரசாதம். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆண்டுகள் போகப் போக அதன் மேல் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, கடைசியில் உள்ளே என்ன நடக்கிறது என்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான் புரியும் என்ற நிலை கே.டி.இ.யில் வந்தது. புதிதாக வருகிறவர் ஒரு பைலைச் சேர்க்க வேண்டுமென்றால், வேறு எங்கோ இருக்கும் வரிகளைப் பார்த்துக் காப்பி அடித்து வேலையை முடிப்பார். ஏன் என்று அவருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, அடுத்த பெரிய பதிப்பை லினக்ஸில் மட்டுமின்றி விண்டோஸிலும் ஆப்பிள் கம்ப்யூட்டரிலும் ஓட வைக்க வேண்டும் என்று குழுவினர் விரும்பினார்கள். ஆட்டோடூல்ஸை வைத்துக்கொண்டு விண்டோஸ் பக்கம் போவது மிகச் சிரமம்.

2005-ல் ஸ்பெயினின் மலாகா நகரில் நடந்த கே.டி.இ. மாநாட்டில் எஸ்கான்ஸ் என்ற கருவிக்கு மாறுவது என்று முடிவு செய்தார்கள். உற்சாகமாகத்தான் தொடங்கினார்கள். ஆனால் அவ்வளவு பெரிய திட்டத்துக்கு ஏற்றபடி அந்தக் கருவியை வளைப்பது எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. மாதங்கள் ஓடின. வேலை முடியவில்லை.

2006-ன் தொடக்கத்தில் திசையை மாற்றினார்கள். 'சி-மேக்' என்ற கருவியை அலெக்சாண்டர் நாய்ண்டார்ஃப் என்பவர் கே.டி.இ.யில் முயன்று பார்த்தார். சி-மேக் உருவான இடத்தைக் கேட்டால் வியப்பாக இருக்கும். மருத்துவ ஸ்கேன் படங்களை ஆராயும் ஒரு சாப்ட்வேரைக் கட்டுவதற்காக, அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்தின் நிதி உதவியோடு கிட்வேர் என்ற கம்பெனி உருவாக்கிய கருவி அது. டாக்டர்களுக்காகச் செய்தது டெஸ்க்டாப்புக்கு வந்தது!

இந்த முறை காரியம் கைகூடியது. காரணம் கருவியின் தரம் மட்டும் அல்ல. கிட்வேரின் புரோகிராமர்கள் கே.டி.இ. கேட்ட வசதிகளைத் தங்கள் கருவியில் சேர்த்துக் கொடுத்தார்கள். பழைய கட்டளைப் பைல்களைப் புதிய வடிவத்துக்கு மாற்ற ஒரு சின்ன புரோகிராமும் எழுதப்பட்டது. ஆயிரக்கணக்கான பைல்களைக் கையால் மாற்றிக்கொண்டிருந்தால் நடந்திருக்குமா? சில மாதங்களில் முக்கியப் பகுதிகள் சி-மேக்கில் வந்துவிட்டன. 2008 ஜனவரி 11 அன்று கே.டி.இ. 4.0 வெளியானது.

இதில் கசப்பான பகுதியும் உண்டு. 4.0-ல் பில்ட் டூல் மட்டும் மாறவில்லை. அடித்தளம், திரைத் தோற்றம் எல்லாம் ஒரே நேரத்தில் மாறின. பல வசதிகள் அரைகுறையாக இருந்ததால் பயன்படுத்தியவர்களில் பலர் கோபப்பட்டார்கள். பில்ட் டூல் மாற்றம் சரியான முடிவு என்றே நான் சொல்வேன். இன்று கிரிட்டாவும் ஆக்குலரும் விண்டோஸில் ஓடுவதற்கு அது வழி போட்டுக் கொடுத்தது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது எதனால் கெட்டது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

நான் செய்த தவறு

இதை எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவன்தான் நான். ஆனாலும் பட்டுத்தான் புத்தி வந்தது.

இன்ஜினியரிங் முடித்து நான் சேர்ந்த முதல் கம்பெனியில், புரோகிராமைக் கட்டுவதற்கென்றே ஒரு பழைய கம்ப்யூட்டர் மூலையில் இருந்தது. அதில் இருந்த கட்டளைகளை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். யாரும் அதைத் தொடக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். அதன் மேல் ஒரு காகிதத்தில் 'ஆஃப் செய்யாதீர்கள்' என்று ஒட்டியே வைத்திருந்தார்கள். ஒரு நாள் அதன் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. மூன்று நாட்கள் எங்களால் எதையும் வெளியிட முடியவில்லை. பேக்கப் இருந்தது. ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்பது யாருக்கும் தெரியவில்லை!

அப்போது நான் துடிப்பாக முன்வந்தேன். "புது டூலுக்கு மாற்றிவிடலாம் சார், சனி ஞாயிறில் முடித்துவிடுகிறேன்" என்றேன். சொன்னபடி முடித்தும் விட்டேன். திங்கட்கிழமை காலை பழைய பைல்களை எல்லாம் அழித்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். புரோகிராம் ஒழுங்காகக் கட்டப்பட்டது. சோதனைகள் எல்லாம் பாஸ்.

இரண்டு வாரம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து போன். "புதுசா குடுத்தது ரொம்ப மந்தமா இருக்கே?"

நடந்தது இதுதான். கம்பைலரிடம் வேலை வாங்கும்போது, புரோகிராம் வேகமாக ஓடும்படி மெருகேற்று என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஆட்டோகான்ஃப் இதை நாம் கேட்காமலேயே சொல்லிவிடும். சி-மேக்கிலோ எந்த வகைப் பில்ட் வேண்டும் என்று நாம் குறிப்பிடாவிட்டால் அது ஒன்றும் சொல்லாது. இது எனக்குத் தெரியாது. தவறு செய்தி எதுவும் வரவில்லை. சோதனையிலும் விடை சரியாகவே வந்தது. வேகம் மட்டும் போய்விட்டது. பழைய பைல்களை நான் அழிக்காமல் வைத்திருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்து முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் செய்துகொண்டவன் நான்தான்.

அந்த வாரம் என் மேனேஜர் என்னைத் திட்டவில்லை. "கட்டத் தெரிஞ்சது சரி. ஒப்பிட்டுப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை இன்றுவரை மறக்கவில்லை.

இரண்டையும் ஓட விடுங்கள்

என்னைப் போல் அவசரப்படாமல் இதைச் செய்தவர்களும் இருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். உலகம் முழுக்கப் பல இணையதளங்களுக்குப் பின்னால் தகவல்களைச் சேமித்து வைக்கும் சாப்ட்வேர் இது. ஒரு வரி தப்பினால் எத்தனையோ பேரின் கணக்கு வழக்கு பாதிக்கும்.

அங்கே இரண்டு தனித்தனிப் பில்ட் முறைகள் இருந்தன. லினக்ஸ் போன்றவற்றுக்கு ஆட்டோகான்ஃபும் மேக்கும். விண்டோஸுக்கு வேறு. ஒரே மாற்றத்தை இரண்டு இடத்தில் செய்ய வேண்டும், ஒன்றில் மறந்தால் வம்பு. 2021-ல் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற புரோகிராமர் மெசான் என்ற புதிய கருவியில் முயன்று பார்த்து, அதைக் குழுவின் முன் வைத்தார். மற்றவர்களும் சேர்ந்து உழைத்தார்கள். விவாதம், திருத்தம், மறுபடி விவாதம். 2022 செப்டம்பரில்தான் அது சோர்ஸ் கோடில் சேர்ந்தது. 2023-ல் வந்த 16-ம் பதிப்பில் மக்களுக்குக் கிடைத்தது.

அதன் பிறகும் பழையதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. விண்டோஸுக்கான பழைய முறையை 2024-ல் வந்த 17-ம் பதிப்பில்தான் நீக்கினார்கள். லினக்ஸில் இருந்த பழைய முறை 2025-ல் வந்த 18-ம் பதிப்பிலும் மெசானோடு கூடவே இருக்கிறது. இரண்டையும் பராமரிப்பது கூடுதல் வேலைதான். ஆனால் வேண்டியவர் புதியதைப் பழகலாம், சந்தேகம் வந்தால் பழையதோடு ஒப்பிடலாம். இதைத்தான் நான் சரியான வழி என்கிறேன்.

அரை விநாடி தாமதம்

இதே ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டின் பெயர் 2024 மார்ச்சில் உலகச் செய்தி ஆனது. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் பில்ட் டூல் என்பது புரோகிராமர்களின் சொந்த விஷயம் அல்ல, உங்கள் பாதுகாப்பு விஷயம் என்பது அன்றுதான் பலருக்கும் புரிந்தது.

அவர் தன் டெஸ்ட் கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருந்தபோது, நெட்வொர்க் வழியாக லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆனது. மற்றவர்கள் கவனிக்கக் கூட மாட்டார்கள். அவர் விடாமல் நோண்டிப் பார்த்தார். பைல்களைச் சுருக்கும் 'எக்ஸ்.இசட்' என்ற சிறிய ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேரில் யாரோ திருட்டு வாசல் ஒன்றை வைத்திருப்பது தெரிந்தது. அதன் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் அது இருந்தது. அதற்குரிய சாவி கையில் இருப்பவர் எங்கிருந்தோ உங்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிடலாம். ஆபத்தின் அளவைக் குறிக்கும் மதிப்பெண்ணில் அதற்கு 10-க்கு 10 கொடுக்கப்பட்டது. மார்ச் 29 அன்று அவர் உலகுக்கு அறிவித்தார்.

அந்தத் திருட்டு வாசலை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் தெரியுமா? விஷமான பகுதி, சோதனைக்கான பைல்கள் என்ற பெயரில் கிடந்தது. அதை எடுத்து புரோகிராமுக்குள் சேர்க்கும் வரிகள் பில்ட் கட்டளைகளுக்குள் இருந்தன. அதிலும் ஒரு தந்திரம். எல்லோரும் பார்க்கும் பொதுவான சோர்ஸ் கோடில் அந்த வரிகள் இல்லை. டவுன்லோட் செய்வதற்காகக் கட்டி வைத்த தொகுப்பில் மட்டும் இருந்தன. ஆட்டோடூல்ஸ் வழக்கப்படி, கருவியே உருவாக்கும் பல பைல்களைத் தொகுப்பில் சேர்த்து வைப்பார்கள். எனவே சோர்ஸ் கோடில் இல்லாத பைல் தொகுப்பில் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆயிரக்கணக்கான வரிகள், யாருக்கும் புரியாத மொழி, யாரும் திறக்காத பைல். திருடன் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் ஏது?

"பார்த்தீர்களா, அதனால்தான் புதிய கருவிக்கு மாறச் சொல்கிறோம்" என்று இதை வைத்து வாதிடுகிறவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதே எக்ஸ்.இசட்டில் சி-மேக்குக்கான கட்டளைப் பைலிலும் அவர்கள் கை வைத்திருந்தார்கள். ஒரு வரியில் ஒரே ஒரு புள்ளி! கம்ப்யூட்டரில் ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் அந்தப் புள்ளி விழுந்ததால், சோதனை எப்போதும் தோற்றுப்போகும். பாதுகாப்பு வசதி சத்தமில்லாமல் நின்றுவிடும். தூசி என்று நினைத்து யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆகவே புதிய கருவி வந்தாலே பாதுகாப்பு வந்துவிடாது. புரிந்து படிக்கும் கண்கள் வேண்டும். புதிய கருவி செய்யும் உதவி, அந்தக் கண்களுக்கு வேலையைச் சுலபமாக்குவது. நூறு பக்கத்தில் இருந்த கட்டளையைப் பத்துப் பக்கத்தில் எழுத முடிந்தால் படிக்க முன்வருபவர்கள் கூடுவார்கள். எக்ஸ்.இசட்டை நீண்ட காலம் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் தன் ஓய்வு நேரத்தில் கவனித்து வந்தார். உதவிக்கு வருவது போல் வந்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவரே துரோகம் செய்தார். கருவியைவிடப் பெரிய பிரச்சினை ஆள் பற்றாக்குறைதான்.

மறுப்பவர்களுக்கும் நியாயம் உண்டு

பில்ட் டூலை மாற்ற வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்ல. தன்னார்வலர்களின் நேரம் குறைவு. அந்த நேரத்தில் நாலு பிழைகளைத் திருத்தினால் பயனாளருக்கு உடனே நன்மை என்பது அவர்கள் வாதம். புதிய கருவிக்குச் சில சமயம் வேறு சாப்ட்வேர்கள் தேவைப்படும். மெசானை ஓட்டப் பைதான் வேண்டும். மிகப் பழைய கம்ப்யூட்டர் வகைகளில் இது கிடைக்காமல் போகலாம். இன்றைக்குப் புதிதாக இருப்பது பத்து ஆண்டில் பழசாகி, மறுபடி மாற வேண்டிய நிலையும் வரலாம்.

இவை உண்மைதான். அதனால்தான் ஃபேஷனுக்காக மாறுவதை நான் ஆதரிக்கவில்லை. நான் வைக்கும் அளவுகோல் ஒன்றே. இப்போது இருக்கும் முறையை விளக்கிச் சொல்லக்கூடியவர்கள் குழுவில் எத்தனை பேர்? ஐந்தாறு பேர் இருந்தால் அவசரமே இல்லை. ஒருவரோ இருவரோதான் என்றால், வண்டி ஓடுவது போல் தெரிந்தாலும் அது பாதி பழுதான வண்டிதான். மூலையில் நின்ற எங்கள் பழைய கம்ப்யூட்டரும் கடைசி நாள்வரை நன்றாகத்தான் ஓடியது.

உங்களுக்கு இதில் என்ன?

நீங்கள் புரோகிராம் எழுதப் போவதில்லை. ஆனாலும் இதிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பயன்படும் சில விஷயங்கள் உண்டு.

சாப்ட்வேரை அதன் சொந்த இணையதளத்திலிருந்தோ, உங்கள் லினக்ஸின் சாப்ட்வேர் மேனேஜரிலிருந்தோ, மைக்ரோசாப்ட் ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுங்கள். நண்பர் பென் டிரைவில் கொடுத்தது எங்கே கட்டப்பட்டது என்று யாருக்குத் தெரியும்?

சோதனைப் பதிப்புகளை அன்றாட வேலை செய்யும் கம்ப்யூட்டரில் போடாதீர்கள். எக்ஸ்.இசட்டின் அந்த ஆபத்தான பதிப்புகள் பெரும்பாலும் லினக்ஸ்களின் சோதனைப் பதிப்புகளில்தான் நுழைந்திருந்தன. நிலையான பதிப்பை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டார்கள்.

'ஒன்றும் மாறவில்லை' என்று தோன்றும் அப்டேட்டையும் போட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் யாரோ ஒருவர் துரு எடுத்திருக்கலாம்.

நீங்கள் ஒரு சாப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் இதே விதிதான். உதாரணமாக, மைக்ரோசாப்ட் ஆபீஸை விட்டு லிப்ரே ஆபீஸுக்கு வருகிறீர்கள் என்றால் முதல் நாளே பழையதை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஒரு மாதம் இரண்டும் இருக்கட்டும். உங்கள் முக்கியமான நாலு பைல்களை இரண்டிலும் திறந்து ஒப்பிடுங்கள். எழுத்து, அட்டவணை, பக்க எண் எல்லாம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். திருப்தி ஆன பிறகு பழையதை நீக்கலாம்.

முடிந்தால், நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஏதாவது ஒரு ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேருக்கு ஆண்டுக்கு ஒரு முறை சிறு தொகை அனுப்புங்கள். பணம் முடியாதென்றால் தவறு கண்ட இடத்தைத் தெளிவாக எழுதித் தெரிவியுங்கள். ஒற்றை ஆளாக நின்று கஷ்டப்படுகிறவருக்கு அது பெரிய தெம்பு.

பெரியப்பாவுக்கு இதை எல்லாம் போனில் சுருக்கமாகச் சொல்லி முடித்தேன். என் கம்பெனிக் கதையைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "எங்க டிப்போவுல புது பஸ் வந்தா அன்னிக்கே பழைய பஸ்ஸை ஏலத்துக்கு அனுப்ப மாட்டோம்ப்பா. ஸ்பேர் பஸ்ஸா நிறுத்தி வைப்போம். புதுசு ரூட்ல ஆறு மாசம் ஒழுங்கா ஓடட்டும், அப்புறம் பார்ப்போம். இதைக் கத்துக்க நீ இன்ஜினியரிங் படிச்சிருக்கணுமா?" என்றார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அப்டேட்டைப் போட்டுவிட்டாரா என்று கேட்டேன். "நீ சொல்லிக்கிட்டிருக்கும்போதே போட்டுட்டேன், ஓடுது" என்றார்.